வெறுஞ்சீட்டு

நீங்கள் ஒன்பது பேரும் அடுத்த மாதம் களப்பணிக்குப் போகிறீர்கள், அதற்கு முன் உங்களுக்காக நான் நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று உங்கள் துறைத் தலைவி கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. அவள் என் பழைய மாணவி. அதனால் கோபித்துக்கொள்ளாமல் வாரம் ஒரு முறை போன் செய்து, "மேடம், முழங்கால் எப்படி இருக்கு?" என்று விசாரிக்கிறாள். அவள் விசாரிப்பது முழங்காலை அல்ல என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு எழுத அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். முப்பத்தொரு வருடம் ஒரே பாடத்தைச் சொன்னவளுக்கு அலுப்பு வராமல் வேறு என்ன வரும்?

முதலாண்டுப் பாடம் உங்களுக்குத் தெரியும். மனசின் அடியில் கிடப்பதைத் தோண்டிப் பார் என்கிற கட்சி ஒன்று. தோண்டாதே, வெளியில் தெரியும் நடத்தையை மட்டும் பார் என்கிற கட்சி இன்னொன்று. இரண்டும் வேண்டாம், மனுஷனை மனுஷனாகப் பார் என்று நடுவில் ஒரு கட்சி. வகுப்பில் மூன்றுக்கும் சண்டை மூட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் கோவில்பட்டியில் பஸ் ஏறிக் கரிசல் காட்டு ஊர்களுக்குப் போய் இறங்கிய பிறகு, அந்த மூன்று கட்சியும் எனக்கு வந்து கைகொடுத்ததில்லை. கைகொடுத்தது ஆய்வு முறை. என்னைக் கவிழ்த்ததும் அதேதான். கவிழ்ந்த கதையைச் சொல்கிறேன். சாதித்த கதைகளையெல்லாம் என் பிரிவு உபசார விழாவில் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். பாதி பொய்.

தொண்ணூறுகளின் பின்பாதி. பசுவந்தனைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர், பெயர் வேண்டாம். அங்கே இருந்த சிறிய தீப்பெட்டி ஆலையில் ஐப்பசி மாதம் தீப்பிடித்தது. குச்சிகளைப் பெட்டிக்குள் அடைக்கும் கொட்டகையில் ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். தப்பித்தவர்களும் இறந்தவர்களின் வீட்டுப் பெண்களுமாக இருபத்துநாலு பேர், தூக்கம் இல்லாமல், தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டாலே நடுங்கிக்கொண்டு இருந்தார்கள். அவர்களிடம் வாரம் ஒரு முறை உட்கார்ந்து முறைப்படி பேசினால் நிலைமை தேறுமா என்று பார்க்க ஒரு ஆய்வு. மதுரையில் இருந்த என் பேராசிரியர் திட்டம் போட்டார். களத்துக்கு நான் பொறுப்பு. பேசுவதற்கு என் எம்.ஏ. மாணவிகள் இரண்டு பேர்.

அந்தப் பேராசிரியரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரிடம்தான் நான் தொழில் கற்றேன். "மனசைக் கண்ணால பார்க்க முடியாது. அதனால அளக்கிற நாம மத்தவங்களை விட ரெண்டு மடங்கு நேர்மையா இருக்கணும்" என்பார். அப்படியே இருந்தவர்தான். அவர் போட்ட திட்டத்தில் குறை இல்லை. பன்னிரண்டு பேருக்கு இப்போதே ஆரம்பிப்பது, பன்னிரண்டு பேருக்கு மூன்று மாதம் கழித்து. மூன்றாம் மாத முடிவில் இரண்டு குழுவையும் அளந்து ஒப்பிடுவது. காத்திருக்கும் குழு இல்லாவிட்டால், தேறினவர்கள் நம்மால் தேறினார்களா, நாள் போனதால் தேறினார்களா என்று சொல்ல முடியாது. இதை நானே வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள்.

யார் எந்தக் குழு என்பது நம் கையில் இருக்கக் கூடாது. தற்செயலாக விழ வேண்டும். அதற்கென்று எண் அட்டவணை இருக்கிறது. அறையில் உட்கார்ந்து, அட்டவணையைப் பார்த்து, பெயருக்கு நேராக எழுதிவிட்டால் வேலை முடிந்தது. "அப்படியே செய்" என்றுதான் பேராசிரியரும் சொன்னார்.

நான் செய்யவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்த ஊரில் அதற்கு முன்பே நிவாரணப் பட்டியல் ஒன்று வந்து, யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போனது என்று குடுமிப்பிடிச் சண்டை நடந்திருந்தது. நான் அறைக்குள் உட்கார்ந்து பட்டியல் எழுதிக்கொண்டு போய் நின்றால், "டீச்சருக்கு வேண்டப்பட்டவிய முதல்ல, நாங்க பின்னால" என்று சொல்ல மாட்டார்களா? எல்லோர் கண்ணுக்கும் முன்னால் சீட்டுப் போட்டு எடுத்தால் வாய் திறக்க முடியாது என்று நினைத்தேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கே ஒரு பெருமை.

ஊரில் இருபது முப்பது பேர் நிழலில் உட்கார ஒரே இடம்தான். அம்மன் கோயிலுக்கு முன்னால் இருந்த தகரக் கொட்டகை. தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கேதான் கூட்டினேன். பாதிப் பெண்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் சீட்டில் எழுத்து வேண்டாம் என்று முடிவு செய்தேன். இப்போதே ஆரம்பிக்கும் பன்னிரண்டு பேருக்கான சீட்டில் சிவப்பு மையால் ஒரு பொட்டு. மற்ற பன்னிரண்டும் வெறுஞ்சீட்டு. மடித்து ஒரு பித்தளைச் செம்பில் போட்டுக் குலுக்கினேன். செம்பு கோயிலில் வாங்கியது. கபடம் இல்லாத கையாக இருக்கட்டும் என்று, பக்கத்தில் நின்ற நாலரை வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னேன்.

இதை வாசிக்கும்போதே உங்களில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு என் தப்பு என்ன என்று தெரிந்திருக்கும். நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பது என்றால் என்ன என்று தெரியாதவர் யார்? கல்யாணம், நிலம், வழக்கு, எதுவாக இருந்தாலும் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டு, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பூ கிடைக்காத இடத்தில் சீட்டு. நான் கோவில்பட்டியில் பலசரக்குக் கடைக்காரர் மகள். எம்.ஏ. படிக்க மதுரைக்கு அனுப்பலாமா என்று எங்கள் வீட்டிலேயே பூக்கட்டிப் பார்த்துத்தான் என்னை அனுப்பினார்கள். அப்பேர்ப்பட்ட நான், கையில் ஆய்வுக் கோப்பு வந்ததும் அதையெல்லாம் மறந்தேன். கொட்டகை நிழலாகத் தெரிந்தது, செம்பு செம்பாகத் தெரிந்தது, கோயில் என் கண்ணில் படவே இல்லை.

கோமதி என்ற பெண்ணுக்கு வெறுஞ்சீட்டு வந்தது.

அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். தீப்பிடித்த அன்று அந்த ஆலைக் கொட்டகையில் உட்கார வேண்டியவள் அவள்தான். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாள் என்று, அவளுடைய அண்ணன் மனைவியிடம், "மதினி, ஒரு மணி நேரம் என் இடத்துல இருந்துக்கிடுதியளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். திரும்பி வருவதற்குள் மதினி இல்லை. மதினியின் மகளை அதன் பிறகு கோமதிதான் வைத்துக்கொண்டாள். அன்று கோமதியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் குழந்தையைத்தான் நான் சீட்டு எடுக்கக் கூப்பிட்டேன். குழந்தை யாருடையது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பக்கத்தில் நின்றது, கூப்பிட்டேன். செத்துப்போனவளின் மகள், தன் கையால், கோமதிக்கு வெறுஞ்சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

கோமதி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். எனக்கு நினைவிருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்கிறாளே என்று சந்தோஷப்பட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து, மாசிக் கடைசியில், அவள் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்கு வந்து எங்கள் கல்லூரி வராந்தாவில் நின்றாள். எனக்கு அன்று தேர்வுத் தாள் திருத்தும் வேலை.

"டீச்சர், அந்தச் சீட்ட ஒரு தடவ திருப்பிப் போடுதியளா?" என்றாள்.

"எதுக்கும்மா?"

"எம் மதினி மகளை, மதினியோட அம்மா குளத்தூருக்குத் தூக்கிட்டுப் போயிட்டாவ. நீங்க திருப்பிப் போட்டுப் பொட்டுச் சீட்டு வந்தா, போய்க் கேப்பேன்."

என் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான். காத்திருக்கும் குழுவில் ஒருத்தி முன்னாடியே வர நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். குழந்தை விஷயம் குடும்பச் சண்டை, நாம் தலையிட முடியாது. அவளை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு, அலுவலகத்திலிருந்து மதுரைக்குப் போன் போட்டேன்.

பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார். "உயிருக்கு ஆபத்தான நிலைமையா?" என்றார். தெரியவில்லை, நன்றாகத்தான் பேசுகிறாள் என்றேன். "அப்படின்னா மாத்தாதே. இன்னைக்கு ஒருத்திக்கு இரக்கப்பட்டா நாளைக்கு இன்னொருத்தி வருவா. கடைசில யார் எந்தக் குழுன்னு உனக்கே தெரியாது. ஆனா நீ நேர்ல பாக்குறவ. சந்தேகம் இருந்தா சொல்லு, அவளைத் தனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்" என்றார். நியாயமான பேச்சு. சந்தேகம் இருந்தால் சொல் என்றார் பாருங்கள், அதை என் தலையில்தான் விட்டிருந்தார். நான் வராந்தாவுக்குப் போய் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மேசையில் அறுபது தாள் கிடந்தது.

வெளியே வந்து, டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கை வைத்து, எவ்வளவு அன்பாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு அன்பாகச் சொன்னேன்: "ஒரு தடவை விழுந்த சீட்டை மாத்தக் கூடாதும்மா. இன்னும் ஒன்றரை மாசம் பொறுத்துக்கோ."

எந்தக் கோயிலில், எந்தப் பூசாரியிடம் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். அவள் தலையை ஆட்டினாள். "சரி டீச்சர், வாரேன்" என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

சித்திரையில் மூன்றாம் மாதக் கணக்குக்கு அளவெடுக்கப் போனோம். கோமதி வீட்டுக்கு நானே போனேன். அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தோள் எலும்பு ரவிக்கையைக் குத்திக்கொண்டு நின்றது. ஆலை வேலைக்கும் போவதில்லை, காட்டு வேலைக்கும் போவதில்லை. அவள் அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, "ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்கா டீச்சர். கேட்டா பதிலும் இல்ல" என்றார்.

படிவத்தை விரித்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். அப்படித்தான் செய்ய வேண்டும், செய்தேன். தூக்கம், பசி, பயம், எல்லாவற்றுக்கும் மிக மோசமான கட்டத்தில்தான் குறி போட்டேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: நடந்ததற்கு நீங்கள்தான் காரணம் என்று எண்ணுகிறீர்களா? எப்போதும், சில நேரம், இல்லை.

"அதான் சீட்டுலயே வந்துருச்சே டீச்சர்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டினாள். வியர்வையில் ஊறிக் காய்ந்து, மடிப்பில் கிழிந்திருந்தது.

"ஆத்தா முன்னால, அவ மக கையாலயே எனக்கு ஒண்ணுமில்லன்னு வந்துருச்சு. அதச் சொல்லித்தான் எங்க மதினி அம்மா பிள்ளையத் தூக்கிட்டுப் போனாவ. ஆத்தாளே ஒன்னயத் தள்ளிட்டா, ஒங்கிட்ட எம் பேத்திய எப்படி விடுவேன்னு கேட்டாவ. நான் என்ன சொல்ல முடியும்? நீங்களும் மாத்தக் கூடாதுன்னுட்டிய."

வெட்கமாக இருந்தது. வேறு சொல் தேட நான் விரும்பவில்லை. உளவியல் படித்த, அடுத்தவர் மனசை அளக்க வந்த ஒரு பொம்பளை, மூன்று மாதம் ஒருத்தியைக் குற்றவாளிக் கூண்டில் நிற்க வைத்திருந்தாள், அதுவும் தெரியாமலேயே.

தற்செயல் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். நாணயம் சுண்டுவது, சீட்டுக்கட்டு கலைப்பது என்று வகுப்பில் சொல்லும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அது சரி டீச்சர். அன்னைக்கு ஆத்தாகிட்ட என்ன கேட்டுச் சீட்டுப் போட்டிய?"

பூக்கட்டிப் பார்க்கும்போது, என்ன கேட்கிறோம் என்பதை அம்மன் முன்னால் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். கேட்காமல் போட்டது செல்லாது. சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம்.

"நான் எதுவும் கேட்கலை கோமதி."

"மனசுக்குள்ளயும் கேக்காமயா போட்டிய?"

"கேட்கவே இல்லை. ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை பேசலை."

"இதக் குளத்தூர்க்காரவிய முன்னால வந்து சொல்லுவியளா?" என்றாள்.

அடுத்த ஞாயிறு அதே கொட்டகையில் போய் நின்றேன். கோமதியின் அண்ணன் குளத்தூருக்குப் போய் மாமியாரைக் கூட்டி வந்திருந்தார். இருபத்துநாலு பெண்களும் வந்திருந்தார்கள். கோயிலைப் பார்த்து நின்று சொன்னேன். அன்றைக்கு நான் அம்மனிடம் எதுவும் கேட்கவில்லை. யார் நல்லவர், யார் மேல் குற்றம் என்று அந்தச் சீட்டுக்குத் தெரியாது. பாதிப் பேருக்கு முதலில், பாதிப் பேருக்குப் பிறகு என்று செய்தால்தான் எங்கள் வேலை பலிக்கிறதா இல்லையா என்று தெரியும். அதற்காக உங்களைக் காக்க வைத்தேன். அதை உங்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை. தப்பு என்னுடையது.

பின்னால் இருந்து ஒரு பெண், "அப்ப எங்கள்ல பாதிப் பேரக் காயப்போட்டுப் பாத்திருக்கிய" என்றாள். கோபமாகக் கூட இல்லை, சும்மா விவரம் கேட்பது போலச் சொன்னாள். ஆமாம் என்றேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு ஆய்வு முறையை யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

குளத்தூர் அம்மா எழுந்தாள். "சீட்டு செல்லாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். "கேள்வி கேக்காமப் போட்டாவன்னு இங்கன உள்ளவிய சொல்லத்தான் செஞ்சாவ. எனக்கு வயிறு எரிஞ்சுது. எம் மக போயி இவ இருக்காளேன்னு. ஒரு சாக்குக் கெடைச்சுது, தூக்கிட்டுப் போனேன். பிள்ளைய இப்பம் விட மாட்டேன். எம் மக முகம் அதுல இருக்கு." சொல்லிவிட்டு அழுதாள். கோமதி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொடவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

அன்று மத்தியானம் கோமதி சாப்பிட்டதாக அவள் அண்ணன் சொன்னார். அந்த வாரமே என் மாணவி ஒருத்தி அவளோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில், உப்பளத்து வேலைக்குப் போய்க்கொண்டு சின்னப் பிள்ளையை வைத்துப் பார்க்க முடியவில்லை என்று, குளத்தூர் அம்மாவே குழந்தையைக் கொண்டுவந்து கோமதி வீட்டில் விட்டாள். நல்ல முடிவு என்று நீங்கள் மூச்சு விடுவீர்கள். நானும் விட்டேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்காது.

அளவெடுத்தது சித்திரையில். குழந்தை வந்தது ஜூனில். அதற்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை. அட்டவணையில் இருந்தது கோமதியின் அந்தப் படிவம்தான். போய் விசாரித்ததில், வெறுஞ்சீட்டு வந்தவர்களில் இன்னும் மூன்று பேர் அவளைப் போலவே உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது தெரிந்தது. காத்திருந்த குழு மோசமாகியிருந்ததால் நாங்கள் உட்கார்ந்து பேசிய குழு பிரமாதமாகத் தேறியதாகத் தெரிந்தது. வித்தியாசம் பெரியது. அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு எங்கள் சிகிச்சையால் வந்ததல்ல, என் சீட்டால் வந்தது. நான் கெடுத்தது, நாங்கள் குணப்படுத்தியதற்குச் சாட்சியாகப் போய் நின்றது.

பேராசிரியரிடம் மதுரைக்கு நேரில் போய்ச் சொன்னேன். "எழுது. முழுசா எழுதினா ஆய்வு நிக்காது. நீ களத்துல இருந்தவ, நீயே முடிவு பண்ணு" என்றார். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டது. நான் ஒரு அடிக்குறிப்பு எழுதினேன். அவர் அதை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் நேர்மையைப் பற்றிப் பேசியதே இல்லை.

அடிக்குறிப்பு இன்னும் எனக்கு மனப்பாடம். "பங்கேற்ற பெண்களில் சிலர் ஒதுக்கீட்டு முறையைப் பிழையாகப் புரிந்துகொண்டனர்."

நீங்களும் சீட்டுப் போடுவீர்கள். போடாமல் நம் தொழில் நடக்காது. என்ன கேட்டுப் போடுகிறீர்கள் என்பதை அவர்களிடம் முதலில் சொல்லுங்கள், சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள். நான் சொல்ல நினைத்த பாடம் அவ்வளவுதான், அது பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. கட்டுரை வந்த இதழ் நின்றுபோய்ப் பல வருடம் ஆகிறது. திருத்தம் அனுப்ப முகவரி இல்லை. ஆகவே உங்களிடம் தருகிறேன், எங்காவது அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினால் பக்கத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெண்கள் பிழையாகப் புரிந்துகொள்ளவில்லை. அம்மன் கோயிலுக்கு முன்னால், பித்தளைச் செம்பில், செத்தவளின் மகள் கையால் சீட்டு எடுத்தால் அதற்கு அந்த ஊரில் என்ன அர்த்தமோ, அதைத்தான் சரியாகப் புரிந்துகொண்டார்கள். புரியாதவள் ஆய்வாளர்.